வாய் நிறையத் தண்ணீர்

அடுத்தவர் தொடங்கிய பேச்சைத் தான் முடித்து வைக்காவிட்டால் எங்கள் சித்திக்குத் தலை வெடித்துவிடும். அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடம் பஸ் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்தவள். "வர்ற வெள்ளிக்கிழமை..." என்று ஒருவர் இழுப்பதற்குள் "ரெண்டு பேரு, ஜன்னல் ஓரம், அவ்வளவுதானே?" என்று டிக்கெட்டை நீட்டிவிடுவாள். வரிசை மளமளவென்று நகரும். வீட்டிலோ, சித்தப்பா கல்யாணமான நாளிலிருந்து எதையும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். மீதி தானாக வந்துவிடும்.

சித்தப்பாவுக்கு வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்ததும், சித்தி கவுண்டரை விட்டுவிட்டுக் கூடவே போனாள். மேல்படிப்புக்கு அதே ஊருக்குப் போன நான் அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். மூன்றே மாதத்தில் சித்தி பிரிட்ஜோடு பேச ஆரம்பித்துவிட்டாள். பொறுக்க முடியாமல் நான்தான் அவளைத் தெருமுனை நூலகத்துக்கு இழுத்துப்போனேன். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு அங்கே மாடியறையில் ஆங்கிலம் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தர ஆள் பற்றாக்குறை. கவுண்டரில் பழகிய ஆங்கிலத்தோடு வந்த சித்தியைக் கண்டதும் டீச்சராகக் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு.

அங்கே சித்திக்கு ரொம்பவும் பிடித்துப்போனவர், ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் பெண்மணி. சித்தி வைத்த பெயர் போர்வையம்மா. ஏழு வருடம் நீராவியில் நின்று அவருக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. நூலக மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். இனி நீராவிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே ஹோட்டலில், அறைகளிலிருந்து வரும் போனை எடுத்துப் பேசும் வேலை காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் அவருக்கு மறுபடியும் நீராவிதான்.

நான்கு மாதம் சித்தி அவரைத் தயார் செய்தாள். "உங்க ரூமுக்குப் பத்து நிமிஷத்துல..." என்று போர்வையம்மா ஆங்கிலத்தில் தொடங்குவார். "டவல் வந்துடும்" என்பாள் சித்தி. அவர் ஜோராகத் தலையாட்டுவார். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

நேர்முகத்துக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். நடந்ததைத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"நான் பாதி சொன்னேன் டீச்சர். மீதிய மேனேஜர் சொல்லுவார்னு அவர் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். அவரு என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு."

வகுப்பே சிரித்தது, போர்வையம்மாவும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து இன்னொரு தடவை வாருங்கள், அதுதான் கடைசி என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சித்திக்கு முகம் செத்துப்போயிருந்தது. "நாலு மாசமா நான்தான்டி பேசியிருக்கேன். அவங்க பேசவே இல்ல."

அடுத்த வகுப்புக்கு ஒரு டம்ளரோடு போனாள். யார் வாயைத் திறந்தாலும் இவள் ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொள்வாள். அவர்கள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் விழுங்குவாள். முதல் வாரம் பார்க்கப் பாவமாக இருந்தது. கன்னம் உப்பி, விழி பிதுங்கி உட்கார்ந்திருப்பாள். ஏதோ பல்வலி என்று நினைத்து, வகுப்பில் படித்த பெயிண்டர் ஒருவர் மாத்திரை வாங்கி வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் சித்தி அவர் சட்டையை நனைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்த சித்தப்பா, "அந்தத் தண்ணிய வீட்டுலயும் கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

"வெச்சுக்கணுமா? கனவு காணாதீங்க" என்று சித்தி முடித்துவிட்டாள்.

இரண்டாவது நேர்முகம் முடிந்த அன்று நாங்கள் எல்லோரும் மாடியில் காத்திருந்தோம். போர்வையம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. சித்தி பாய்ந்துபோய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள்.

"மேனேஜர் என்னய..."

நின்றுவிட்டார். பழக்கதோஷத்தில் எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். விழுங்கவில்லை. போர்வையம்மா நிதானமாக மூச்சை இழுத்துவிட்டார்.

"மேனேஜர் என்னய திங்கக்கிழமையிலேர்ந்து போன்ல உக்காரச் சொல்லிட்டாரு. இனிமே நான் நீராவிக்குள்ள போக வேண்டாம்."

முழுதாகச் சொன்னார். சித்தி அழவும் விழுங்கவும் ஒரே நேரத்தில் முயன்று புரையேறி இருமினாள். போர்வையம்மாதான் முதுகைத் தட்டிவிட்டார். இருமல் நின்றதும் சித்தி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு... எனக்கு ரொம்ப..."

அதற்கு மேல் வரவில்லை. நாலு மாசமும் ஆறு வாரமும் பேச்சு சொல்லித் தந்தவளுக்கே மீதி வார்த்தை கிடைக்கவில்லை. போர்வையம்மா தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, சித்தி சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தார்.