பயறுக்கு வாங்கிய புகையிலை

தொண்ணூறுகளின் நடுவில் என் மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் தந்தை நெய்யாற்றின்கரையில் வக்கீல். விருந்தில் தேங்காய் துருவிப் போட்டு வதக்கும் பயற்றங்காய்த் தோரன் முழுவதும் எங்கள் வீட்டுக் கொல்லை விளையில் காய்த்த பயறாகவே இருக்கும் என்று அவர் முன்னிலையில் அறிவித்தேன். யாரும் கேட்காத வாக்குறுதிதான். ஆயினும் சபையில் சொன்ன சொல்.

கொடிகள் பூத்துக் காய்க்கத் தொடங்கிய வேளையில் தளிரிலும் பிஞ்சிலும் கறுத்த செடிப்பேன் அப்பியது. சாம்பல் தூவினோம், புளித்த கஞ்சித் தண்ணீர் தெளித்தோம். பேன் சற்றே விலகி, மறுபடியும் குடியேறியது.

"பொயிலைக் கஷாயமாக்கும் இதுக்கு மருந்து. சோப்பு கரைச்சு சேத்து அடிச்சா ஒண்ணும் மிஞ்சாது. பாறசாலையில போய் வாங்கீட்டு வாருங்கோ," என்றாள் மனைவி.

"பாறசாலையிலா? நானா?"

"பின்ன, பயறு எறங்கிப் போய் வாங்குமா?"

ஊர் வாசகசாலையில் புகையிலை ஒழிப்புக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவன் நான். பாறசாலைக் கடைத்தெருவில் என்னை அறியாதவர் இல்லை. ஆகவே மறுநாள் பேருந்தேறி நெய்யாற்றின்கரைச் சந்தைக்குச் சென்றேன்.

"சாருக்கு முறுக்கானுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை. இது பயறுக்கு."

"அது செரி! பயறும் முறுக்கத் தொடங்கியாச்சா!"

என் முதுகுப் பக்கம் ஒருவர் வெடித்துச் சிரித்தார். திரும்பினால், கறுப்புக் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி சம்பந்தி நின்றிருந்தார்.

"சாரே, கூட்டம் போட்டு ஒழிச்சது போதாதுண்ணு, கடையோட வாங்கி ஒழிக்கியளா?"

பொட்டலத்தை மறைக்க வழியில்லை. நிமிர்ந்து நின்று, பேன் தொடங்கிக் கஷாயம் வரை விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் கேலி மறைந்து கவலை வந்தது.

"அப்பம் தோரனுக்க காரியம்?"

"தோரன் உண்டு. சொன்னா சொன்னதாக்கும்."

"எங்க ஆள்களிட்ட எல்லாம் நான் பெருமை பறைஞ்சாச்சு. ஞாயிறாச்ச நானும் வாறேன்."

சொன்னபடியே கைப்பம்புடன் வந்தார். ஊறிய புகையிலைச் சாற்றை வடித்து, சோப்புக் கரைசலும் தண்ணீரும் கலந்தோம். நான் கொடிகளைத் தூக்கிப் பிடிக்க, வேட்டியை மடித்துக் கட்டியிருந்த வக்கீல் இலைகளின் அடிப்புறமெல்லாம் பீச்சினார்.

"எலே, எறங்கு! எனக்க மருமவளுக்க பயறாக்கும்!" என்று பேனை அவர் அதட்டினார். அடுக்களையில் என் மகள் சிரிப்பை அடக்க மாட்டாமல் தவிப்பது கேட்டது.

பேன் உதிர்ந்தது. மழையும் பெய்து கழுவிவிட, புதுத் தளிர் ஓடிச் சடைசடையாய்க் காய்த்தது.

திருமணத்தன்று எங்கள் வீட்டுப் பந்தலில் கடைசிப் பந்திக்கு இலை போடுகையில் சமையற்காரர் ஓடிவந்தார். "தோரன் தீர்ந்தாச்சு சாரே. கோஸ் அரியட்டா?"

"வேண்டாம்!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. சரிகை வேட்டியோடு நான் விளையில் இறங்கினேன். நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைய, பயறு பறித்துப் போட ஓலைக் கடவத்தைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி பின்னால் வந்தார்.