சிலிண்டருக்குக் காட்டிய கற்பூரம்

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், புருஷனோடு இருந்த நாட்களைவிட அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்தான் எனக்கு அதிகம். ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பர வேனை ஊர் ஊராக ஓட்டிப்போய்ப் படம் காட்டுவது அவர் வேலை. பிள்ளையார்பாளையம் வீட்டில் மாமியாரும் நானும்தான். ராட்டினத்தில் பட்டு நூல் சுற்ற உட்கார்ந்தால் மாமியார் வாயைத் திறக்க மாட்டார். எழுந்தால் தூங்கப் போய்விடுவார். தெரு முழுக்கத் தறிச்சத்தம், பேச ஓர் ஆள் கிடையாது. புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்கே தெரியாது. வெட்கக்கேடு!

ஒரு தடவை அவர் வந்தபோது பொறுக்க முடியாமல் அழுதுவிட்டேன். அடுத்த தடவை வேனின் பின்பக்கத்தையே வீடாக்கிக்கொண்டு வந்து நின்றார். ஒரு பலகைப் படுக்கை, மெட்ராசில் வாங்கிய காஸ் அடுப்பு, அதற்கொரு சிலிண்டர், ஒரு சின்ன பல்பு, கைக்கண்ணாடி அளவுக்கு ஒரு விசிறி. கம்பெனியிலும் கேட்டுவிட்டாராம். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நானும் கூடப் போவதாக ஏற்பாடு. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சரி என்றார்.

எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார். வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு, விளக்குக்கும் விசிறிக்கும் வேறு. குழாய் மூட்டில் சோப்பு நுரையைத் தடவினால், குமிழி வரும் இடத்தில் கசிவு. கசிந்த காஸ் மேலே போகாது, தரையோடு படுத்துக்கிடக்கும். எனக்கு ஒரே குஷி. அன்றைக்கே டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கிவிட்டேன்.

பூஜையன்று வேனைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தோம். அவர் எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போனார். மாமியார் வேனுக்குள் ஏறிச் சிலிண்டருக்கும் பொட்டு வைத்து, அதன் அடியில் தரையிலேயே கற்பூரத்தை ஏற்றிவிட்டார். தறிக்கும் தராசுக்கும் கற்பூரம் காட்டுகிற ஊரில் சிலிண்டரை மட்டும் விட்டுவிடுவார்களா? நான் வாயைத் திறப்பதற்குள் கடையிலிருந்து அவர் திரும்பி வந்து, பாய்ந்து ஏறி, வெறுங்கையாலேயே அடித்து அணைத்தார்.

"புத்தி இருக்குதாம்மா உனக்கு? எல்லாரும் வெந்து சாவணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி தாயை அதட்டினார்.

நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு. மாமியார் நிதானமாக இறங்கினார்.

"கற்பூரம் அணைஞ்ச வண்டி. எம்மருமவ இதுல ஏற மாட்டா" என்றார்.

நான் என் புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரட்டும் என்று இதோ சொல்வார், அதோ சொல்வார் என்று. அவர் மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கசிவு இல்லை என்றார். சாயங்காலம் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றார்.

மறுநாள் அவர் புறப்படும்போது வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சிலிண்டருக்காக உங்கம்மாவையே அதட்டினீங்க. எனக்காக ஒரு வார்த்தை வரலையே?"

"நேரமாவுதும்மா" என்றார்.

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.