நாலாவது கட்டம்

கனடாவில் எங்கள் ஸஸ்காட்சுவன் சமவெளியில் பார்ப்பதற்கு வானத்தை விட்டால் வேறொன்றும் கிடையாது. அந்த வானத்தைத் தோரா ஒருநாளும் நேரில் பார்த்து வரைந்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மிச்ச நேரமெல்லாம் சமையலறை மேசையில் போட்டோவை வைத்துக்கொண்டு புயல் வரைவாள்.

"வானத்துக்கு வெள்ளையடிக்கப் போறியா?" என்று என் பெயிண்ட் கடைக்குச் சாம்பல் நிறம் வாங்க வரும்போதெல்லாம் கேட்பேன்.

"நிஜ வானம் ஒரு எடத்துல நிக்காது, கார்ல். போட்டோவுல இருக்கறதுதான் சொன்ன பேச்சு கேக்கும்."

போட்டோ எடுப்பது அவள் தம்பி நெல்ஸ். கருமேகம் கண்டால் எல்லோரும் வண்டியைக் கொட்டகைக்குள் விடுவார்கள். இவன் வெளியே எடுப்பான். கிறுக்கன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு ஜூலை மதியம் அவள் வீட்டு வலைக்கதவைச் சரிசெய்து கொண்டிருந்தேன். காற்று நின்றுபோய், வெளிச்சம் பச்சையாகியிருந்தது. பெரும்புயலுக்கு முன்னால் அப்படித்தான் ஆகும். நெல்ஸ் வயலோரம் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அவள் போனுக்கு மூன்று போட்டோ அனுப்பினான். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சுழற்காற்று.

"அக்கா, அசையாம நிக்குது. உனக்குன்னே நிக்குது" என்று கூடவே எழுதியிருந்தான்.

தோராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னும் ஒண்ணு எடுடா, கிடங்கு முழுசா தெரியணும்" என்று பதில் போட்டாள்.

பிறகு மூன்றையும் அச்செடுத்து, பெரிதாக்கி வரைய வசதியாக, வழக்கம்போல ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டாள். மூன்றிலும் சுழற்காற்று அதே நாலாவது கட்டத்தில் இருந்தது. முதல் படத்தில் பென்சில் அகலம். மூன்றாவதில் கட்டத்தையே அடைத்திருந்தது.

அவள் கை நின்றது. பக்கவாட்டில் நகராத சுழற்காற்று நம்மை நோக்கித்தான் வருகிறது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெல்ஸுக்கும் தெரியும். படமாகப் பார்த்ததில் மூன்று பேருமே கோட்டை விட்டோம்.

போன் போட்டாள். எடுத்தான். இரைச்சலில் அவன் குரல் சன்னமாகக் கேட்டது.

"இதோ எடுத்துட்டேன்கா, கிடங்கு முழுசா..."

"படம் வேணாம்டா. வண்டிய எடு. தெக்க ஓட்டு."

"என்னது? கேக்கல..."

அவ்வளவுதான். வண்டி அடுத்த வயலில் கிடந்தது. அவனை மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தோம்.

தோரா வரைவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. போன மாதம் ஆலங்கட்டி மேகம் ஒன்றைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எடுத்தவன் வீட்டுக்கு வந்துட்டானா?"

"நாந்தான் எடுத்தேன், தோரா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போட்டோவை நிமிர்த்தி வைத்து ஸ்கேலை எடுத்தாள்.