கடை வெத்தலையில செஞ்ச சத்தியம்

வெத்தல வெளையிற ஊருல, வெத்தல விவசாயிங்க கூடின கூட்டத்துல, வெத்தல இல்லாமப் பெட்டிக்கடைக்கு ஆளனுப்பினத நான் கண்ணால பாத்திருக்கேன். பக்கத்துல நின்னு சிரிச்சவகள்ல நானும் ஒருத்தி.

சோழவந்தான் பக்கம் வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு ஒரு கொடிக்கால் இருந்துச்சு. அகத்திய வரிசையா நட்டு அதுல வெத்தலக் கொடிய ஏத்திக் கட்டியிருப்போம். உள்ள நுழைஞ்சா மத்தியான வெயிலுகூட குளுமையாத்தான் இருக்கும். நெலம் குத்தகை, கொடி எங்களுது. எங்க வீட்டுக்காரரு கல்யாணத்துக்கு மறுநாளே என்னைய மறுவீட்டுச் சனத்தோட விட்டுட்டுத் தண்ணி பாய்ச்சப் போன மனுசன். நான் வந்து சேந்த பெறகு அவரு இலை கிள்ளுவாரு, நான் அடுக்கிக் கவுளி கட்டுவேன். நூறு இலை ஒரு கவுளி. புள்ள பெத்த வருசம் தவிர அந்த வேலைய நான் விட்டதில்ல.

அந்த வருசம் நெலத்துக்காரரு வந்து வரப்புல நின்னு ஒரு பேச்சச் சொல்லிட்டுப் போனாரு. வாழை போடுறேன்னு வேற ஒருத்தன் கேக்குறானாம், குத்தகையும் கூடத் தாரானாம். ஆவணி முகூர்த்த வெள்ளாமைய எடுத்துட்டு அவன் தாற அதே குத்தகைய எங்களால கட்ட முடியும்னா இருக்கலாம், இல்லேன்னா கொடிய வெட்டிட்டு நெலத்த விட்டுறணும். ஆக, அந்த ஒரு அறுப்புலதான் எங்க கொடிக்கால் உசுரே இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரரு சோறு கொஞ்சமாத்தான் தின்னாரு.

இப்ப எங்க ஊரு வெத்தல விவசாயிங்க சங்கத்துக்கு வாரேன். சங்கத் தலைவரு எனக்கு அண்ணன் முறை, எங்க வீட்டுக்காரருக்கு மச்சான். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. அந்தத் துண்டால அவரு வேர்வை தொடச்சு நான் ஒருநாளும் பாத்ததில்ல. மாலை போட வசதியாத்தான் தோளை வச்சிருக்காருன்னு நெனைச்சுக்குவேன். ஆடி நடுவுல அவரு எல்லாரையும் வாய்க்கால் கரைத் தகரச் செட்டுக்கு வரச் சொன்னாரு.

அவரு சொன்ன யோசனை இதுதான். ஆடியில கல்யாணம் கெடையாது, இலைக்கு விலையும் கெடையாது. நாமளும் முட்டாத்தனமா கிள்ளிக் கிள்ளி மதுரை மண்டியில கொண்டுபோய்க் கொட்டுறோம், மண்டிக்காரன் கால் மேல கால் போட்டுக்கிட்டு விலை சொல்றான். அதனால ஆடிக் கடைசியில ஒருத்தரும் இலை கிள்ளக் கூடாது. மண்டி காயட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்னால தொடங்கி முறை போட்டு, ஒரு நாளைக்கு இன்னாரு மட்டும்னு கிள்ளுவோம். அப்ப விலைய நாம வைக்கலாம்.

யோசனையில ஒரு குத்தமும் இல்ல, அத நான் இன்னைக்கும் சொல்லுவேன். அம்புட்டுப் பேரும் ஒரு சொல்லுல நின்னிருந்தா மண்டிக்காரன் சோழவந்தானுக்கு நடந்தே வந்திருப்பான். நிக்கிறதுக்குத்தான் ஆளு வேணும். நம்ம பயலுக நின்னது போட்டோவுக்கு மட்டும்தான்.

சத்தியம் செய்யணும்ல. எங்க பக்கம் வெத்தல பாக்கு மாத்திட்டா அதுக்கு மேல பேச்சு கெடையாது. பொண்ணு குடுக்குறதும் அதுலதான், பங்காளிச் சண்டையத் தீக்குறதும் அதுலதான். தாம்பாளம் வந்துச்சு, பாக்கு வந்துச்சு, இலைய மட்டும் காணோம். அவன் கொண்டாருவான்னு இவனும் இவன் கொண்டாருவான்னு அவனும் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்திருக்கானுக. ஆளுக்கு ஒரு கொடிக்கால் வச்சிருக்கவனுக, ஒரு சத்தியத்துக்கு ஆளுக்கு ஒரு இலை கிள்ள மனசு வரல. கடைசியில பெட்டிக்கடைக்கு ஆளனுப்பி வாங்கிட்டு வந்தாக.

வந்தது வெளியூரு இலை. வடக்கேயிருந்து ரயில்ல வருமே, அகலமா, வெளுத்துப்போய், மென்னா காரமும் இல்லாம மணமும் இல்லாம, அது. எங்க வீட்டுக்காரரு கையில வாங்கித் திருப்பிப் பாத்தாரு.

"மச்சான், இது நம்ம இலை இல்லையே."

"இலையில என்ன மாப்ள இருக்கு, வாக்குதான முக்கியம்" அப்படின்னாரு தலைவரு. எல்லாரும் சிரிச்சாக. நானும்தான் சிரிச்சேன்.

முறை போடுறப்ப யாருக்கும் கடைசி முறை வேண்டாம். ஆளாளுக்குக் கத்துனானுக. தலைவரு எங்க வீட்டுக்காரரு தோள்ல கையப் போட்டு, "மாப்ள, உன்னைய மாதிரிப் பெருந்தன்மையான ஆளு இந்தச் செட்டுலயே இல்ல" அப்படின்னாரு. பெருந்தன்மைன்னு ஒருத்தன் சொன்னா மொதல்ல மடியப் பிடிச்சுக்கணும். இவரு தலையாட்டிட்டு வந்துட்டாரு. கடைசி முறை எங்களுக்கு.

இந்த நேரத்துல என் தம்பி ஒரு ஞாயித்துக்கெழம வந்தான். பசுமலையில ஒரு காலேசுல வணிகவியல் சொல்லிக் குடுக்குறான். எங்க அப்பன் வெத்தல வித்துத்தான் அவனப் படிக்க வச்சாரு. இப்ப அவனுக்குக் கொடிக்காலுக்குள்ள வந்தா கொசு கடிக்குது. கறிக்கொழம்ப ஊத்திப் பெசஞ்சுக்கிட்டே எங்க சங்கத்தக் கேட்டுச் சிரிச்சான்.

"இதெல்லாம் சந்தைக்கு எதிரான வேலைக்கா. சரக்கப் பதுக்கி விலை ஏத்துறது எத்தன நாளைக்கு நிக்கும்? கதவத் தொறந்து விடணும். எங்கயிருந்து வேணும்னாலும் வரட்டும், எங்க வேணும்னாலும் போகட்டும். தரம் உள்ளவன் நிப்பான்."

"உன் வேலைக்கு வடக்கேயிருந்து ஒருத்தன் பாதிச் சம்பளத்துக்கு வந்தா உங்க காலேசுல கதவத் தொறந்து விடுவியாடா?"

"அது வேறக்கா."

எப்பவும் அது வேறதான். மாசம் பொறந்தா சம்பளம் வந்து விழுகிறவனுக்குப் போட்டின்னா ரொம்பப் புடிக்கும், அடுத்தவன் போட்டி போடணும். அவன் பாடம் ஒருநாளு நடத்தாட்டி மறுநாளு நடத்திக்கலாம். எங்க இலை மறுநாளைக்கு முத்திப் போகும். இத எத்தனையோ தடவ சொல்லிட்டேன், அவன் மண்டையில ஏறல. ரெண்டாவது தடவ கறி கேட்டான், போட்டேன். தம்பியாச்சே.

ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முந்தின நாளு விடியக்காலம், மண்டியில விலை எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு வாரேன்னு நான் மொத பஸ்ஸுல மதுரைக்குப் போனேன். அவருக்குத் தோட்டத்துல வேலை. முறைப்படி அன்னைக்கு ரெண்டே வீட்டுக்காரக மட்டும்தான் இலை கொண்டு போகணும். ஆரப்பாளையத்துல எறங்கி நடந்து மண்டிக்குப் போனா, வாசல்ல எங்க ஊரே நிக்கிது. ஈரச் சாக்கப் போட்டு மூடின கூடையும் வாழைச்சருகுல சுத்துன கட்டுமா, செட்டுல தாம்பாளத்தச் சுத்தி நின்ன அத்தன மூஞ்சியும் அங்க வரிசையில நிக்கிது. ஒருத்தன் ஒருத்தனப் பாக்கல. எல்லாரும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறானுக, மழை வருமான்னு பாக்குற மாதிரி.

தலைவரும் நின்னாரு. அவரு கட்டுதான் இருக்குறதுலயே பெருசு. அன்னைக்கு மட்டும் துண்டு தலையில இருந்துச்சு.

"என்ன தங்கச்சி, நீயும் கொண்டாந்துட்டியா?" அப்படின்னாரு. குரல்ல ஒரு சந்தோசம். திருடனுக்குத் தொணைக்கு ஒரு திருடன் கெடைச்சா வருமே, அந்தச் சந்தோசம்.

நான் கையில இருந்த மஞ்சப் பையத் தலைகீழாக் கவுத்துக் காட்டுனேன். அதுல என் மூக்குப்பொடி டப்பா ஒண்ணுதான் விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துக்கிட்டேன்.

"அடுத்தவன் கிள்ளிருவான்னு தெரிஞ்சுதான் தங்கச்சி நான் கிள்ளுனேன். மாப்ளகிட்டச் சொல்லிக்கிற வேண்டாம்."

ஒவ்வொருத்தனும் இதே பேச்சுத்தான். அவன் மீறுவான்னு இவன் மீறுனானாம். வேலியே பயிர மேயும்னு கேட்டிருக்கேன், அன்னைக்குத்தான் அம்புட்டு வேலியும் கூடைய மூடிக்கிட்டு வரிசையில நின்னதப் பாத்தேன்.

உள்ள போனா அதுக்கு மேல கூத்து. வெளியூரு இலை செவுத்து ஒசரத்துக்கு அடுக்கிக் கெடக்கு. மண்டிக்காரரு கல்லாவுல ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. என்னையப் பாத்ததும், "வாங்கம்மா. உங்காளுக ஒரேயடியா நிறுத்துனீக, நான் என்ன செய்ய, ரயிலுக்குச் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டுக்காரன் உங்க சங்கத்தக் கேட்டா தாம்பாளம் வைக்கிறான்? இப்ப நீங்களும் அள்ளிக்கிட்டு வந்து நிக்கிறீக. நான் எதத்தான் வாங்க?" அப்படின்னாரு. அவரு சொன்ன விலைக்கு ஆடியே தேவலை. அவரு பேச்சுல நியாயம் இருந்துச்சு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். தம்பி சொன்ன தொறந்த கதவு இதுதான் போல. ஒருத்தன் ஒருநாளு கையக் கட்டுனா அந்த எடத்துல இன்னொருத்தன் வந்து ஒக்காந்துக்கிறான், அப்புறம் எந்திரிக்கிறதில்ல.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். கொடியில இலை திடமா, அளவா நின்னுச்சு. இன்னைக்கே கிள்ளுனா கெடைச்ச விலைக்குக் குடுத்துட்டு நெலத்துக்காரரு கையக் காலப் பிடிச்சாவது கேக்கலாம். ஆளக் கூப்பிடுங்க, கிள்ளுவோம்னேன்.

"நம்ம முறை இன்னும் வரலையே பிள்ள."

"முறையா? ஊரே மண்டியில நிக்கிது. யாருக்குக் குடுத்த வாக்கு இது?"

"அவனுக மீறுனா அது அவனுக வாக்கு. நான் குடுத்தது என் வாக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. அந்த ஊருலயே யோக்கியமான மனுசன் அவரு ஒருத்தருதான்னு தெரியும். தெரிஞ்சும், பொழைக்கத் தெரியாதவர்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். நானே போய்க் கிள்ளப் போறேன்னு கூடைய எடுத்தேன். அவரு தடுக்கல. கொடிக்கால் படல்கிட்ட ஒக்காந்து கொடி கட்டுறதுக்கு வாழைநாரக் கிழிச்சுக்கிட்டிருந்தாரு, நிமிந்துகூடப் பாக்கல. அந்த முதுகத் தாண்டி என்னால உள்ள போக முடியல. கூடைய அங்கனயே கவுத்துப் போட்டு அதுமேல ஒக்காந்துட்டேன்.

எங்க முறை வந்தப்ப இலை கறுத்துத் தடிச்சுப் போச்சு. மண்டியில ஒரு இலைய மடக்கிப் பாத்தாரு மண்டிக்காரரு. படக்குன்னு முறிஞ்சது. "முத்திருச்சுண்ணே. யாருக்குண்ணே இத விக்க?" அப்படின்னாரு. திரும்பக் கொண்டு வந்து வாய்க்கால் கரையில கொட்டுனோம். கடைசியில ஆடுதான் மேஞ்சுச்சு. சங்கத்துல இருந்து ஒரு பய எட்டிப் பாக்கல. தம்பி மட்டும் போன்ல, "நான்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா" அப்படின்னான். ஆமாப்பா, நீ சொன்ன, கறியத் தின்னுக்கிட்டே சொன்ன.

புரட்டாசியில கொடிய வெட்டுனோம். அடுத்தவன் வந்து வெட்ட வேண்டாம்னு அவரே வெட்டுனாரு. இன்னைக்கு அங்க வாழை நிக்கிது. நான் அந்தப் பக்கம் நடக்கிறதில்ல.

அவருக்கு வேலை குடுத்தது யாருங்கிறீக? அதே மண்டிக்காரருதான். வீடு தேடி வந்து, "எனக்கு நம்பிக்கையான ஆளு வேணும்ண்ணே. ஊரே மீறுனப்ப நீங்க ஒருத்தருதான் சொன்ன சொல்லுல நின்னீங்களாம், கேள்விப்பட்டேன்" அப்படின்னாரு. ரயில்ல வாற வெளியூரு இலையப் பிரிச்சு, அழுகுனது கழிச்சு, கவுளி சரியா இருக்கான்னு பாக்குற வேலை. அந்த யோக்கியத்துக்கு ஊருக்குள்ள ஒரு மதிப்பில்ல, வடக்கத்தி இலைய எண்ணத்தான் ஒதவுச்சு. காலையில மொத பஸ்ஸுக்குப் போறாரு, பொழுது சாய வாராரு. அவரு சட்டையில இன்னும் வெத்தல வாசம் வருது. எங்க இலை வாசம் இல்ல.

இந்த ஆடியில மறுபடியும் தலைவரு வந்தாரு. அதே துண்டு. சேரப் போட்டேன், காபி குடுத்தேன். மறுபடியும் சங்கம் கட்டுப்பாடு போடப் போகுதாம், ஆடிக் கடைசியில இலை கிள்ளக் கூடாதாம், முறை போடப் போறாகளாம்.

"இந்தத் தடவ சத்தியம் செய்யிறப்ப நீ வந்து தாம்பாளத்தப் புடிச்சு நிக்கணும் மாப்ள. நீ நின்னாத்தான் பயலுக நம்புவானுக."

நான் அடுப்படி வாசல்ல நின்னு அவரு மூஞ்சியவே பாத்தேன். வெக்கம்னு ஒரு கோடு கூட இல்ல.

"அப்புறம் மாப்ள, நீதான் மண்டியிலயே இருக்கியே. வாரப்ப ஒரு கவுளி கொண்டாந்துரு. போன தடவ மாதிரி இல்லாம, நல்ல சோழவந்தான் இலையாப் பாத்து எடு."

எங்க வீட்டுக்காரரு கோவமா ஒண்ணும் சொல்லல, எப்பவும் பேசுற மாதிரிதான் சொன்னாரு.

"மண்டிக்கு உங்க ஊரு இலை வரத்து ரொம்பக் கம்மி மச்சான்."

உங்க ஊருன்னு சொன்னாரு. அங்கயே பொறந்து, அந்த வாய்க்கால்லயே நீச்சல் படிச்ச மனுசன். தலைவருக்கு அது காதுலயே விழுகல. காபியக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, டம்ளரக் கீழ வச்சு, துண்டச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சாரு.

"அப்ப அந்த வடக்கத்தி இலையவே கொண்டாந்துரு மாப்ள" அப்படின்னாரு.