மலைக்கு ஆன சேதாரம்

நகைக்கடை பில்லில் சேதாரம் என்று ஒரு வரி வரும். ஆசாரி வேலை செய்யும்போது உதிர்ந்துபோகிற பொடிக்கும் நம் தலையில்தான் விலை. என் வேலையை ஊரில் யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். தங்கம் எடுக்க மலையைக் குடைகிறார்கள், ஆற்று நீரை இழுக்கிறார்கள், தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சயனைடு கலந்த சேற்றைக் குளமாகத் தேக்கி வைக்கிறார்கள். அந்தச் சேதாரம் எந்தப் பில்லிலும் வராது. அதைச் சுரங்கத்தின் கணக்கில் ஏற்றுவதுதான் என் உத்தியோகம்.

முன்பு ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு பார்த்தேன். பாலாற்றில் விடுகிற கழிவுநீரைச் சுத்தம் செய்கிற செலவைத் தோலின் விலையோடு சேர்த்து எழுதியபோது மேனேஜர், "இன்னாம்மா, பாலாத்துக்கும் சம்பளம் போடுவியா?" என்று சிரித்தார். அந்த அனுபவத்தை நம்பித்தான் வெளிமாநிலத் தங்கச் சுரங்கம் ஒன்று என்னை வேலைக்கு வைத்திருக்கிறது. பாகாயத்தில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை. தண்ணீருக்கும் சேற்றுக்கும் செலவு எழுதிக் காட்டியதும், இத்தனை நாள் இலவசம் என்று இறைத்தவர்களுக்குக் கண் திறந்தது. இப்போது சேற்றுக் குளத்து நீரையே திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். பழைய சேற்றை மறுபடி அலசி மிச்சத் தங்கத்தையும் எடுக்கிறார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையோடு என் வாயையும் எடுத்துக்கொண்டு தம்பியுடன் நகைக்கடைக்குப் போனேன். மகளுக்குக் காது குத்து. கம்மல் தாய்மாமன் சீர். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற தம்பி, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசோடு வந்திருந்தான். கடைக்காரர் குட்டிக் கம்மலைத் தட்டில் வைத்து, "சேதாரம் கம்மி பண்ணித் தர்றேன்" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். "மலைக்கு ஆன சேதாரம்?" என்று ஆரம்பித்தேன். இந்தத் துளிக் கம்மலுக்காக எவ்வளவு கல்லை உடைத்தார்கள், எவ்வளவு தண்ணீர் விஷமாகிப் போனது என்று நான் அடுக்க அடுக்க, கடையே திரும்பிப் பார்த்தது. "பழைய தங்கத்தை உருக்கிச் செஞ்சா புதுசா தோண்ட வேணாமே" என்று முடித்தபோது தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"நான் கம்மல் வாங்க வந்தேங்க்கா. மலையை வாங்க வரல."

நகைக்கடையிலிருந்து வெறுங்கையோடு இறங்குவதே ஆகாது என்பார்கள். நானோ சீர் செய்ய வந்தவனையே இறக்கிவிட்டேன். அதன் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. வேறு மடி தேடினால் ஆயுசுக்கும் என் வாசலை மிதிக்க மாட்டான். பயந்துபோனேன். மண்ணுக்கும் நீருக்கும் பரிந்து பேசுகிறவள், கூடப்பிறந்தவனை நாலு பேர் முன்னால் குறைத்துவிட்டேனே என்று அழுகையாக வந்தது.

காது குத்து அன்று ஆசாரி கோயிலில் காத்திருக்க, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி தட்டு வரிசையோடு வந்தான். மகளை மடியில் இருத்திக்கொண்டு கம்மல் டப்பியைத் திறந்தான். அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன். கல்யாண மோதிரம் கிடந்த விரலில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

"டேய், மோதிரம் எங்கடா?"

"நீதான பழசை உருக்கச் சொன்ன? பிரியாணி தின்னு விரல் பெருத்துப்போச்சு, சோப்பு போட்டுதான் கழட்டினேன். உன் மலைக்கு ஒரு சேதாரமும் இல்ல. போதுமா?"

மகள் வீறிட்டாள். நானும் அழுதேன். பார்த்தவர்கள் பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

பந்தியில் தம்பி மனைவிதான் பரிமாறினாள். அந்த மோதிரம் அவள் வீட்டில் போட்டது. என் இலை அருகே வந்ததும், "அண்ணி, அடுத்த தடவை கணக்கு எழுதும்போது எங்க வூட்டுச் சேதாரத்தையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்குப் பாயசம் ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.