நண்பர் கேட்கச் சொன்ன கேள்வி

வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் இஸ்திரிக்காரர் பேச்சை ஆரம்பிப்பார். "என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேக்கச் சொன்னான் மேடம். புருஷன் பொண்டாட்டி ஒரே வீட்டுலதான் இருக்காங்க, ஆனா பேச்சுவார்த்தை இல்ல. சட்டப்படி இது சேர்ந்து வாழறதா, பிரிஞ்சு வாழறதா?"

கோட்டு வேண்டுமென்றால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். "ஒரே கூரைக்குள்ள இருந்தாலும் பிரிஞ்சிருக்கோம்னு சில சமயம் நிரூபிக்கலாம். எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு, குடுங்க" என்பார் வக்கீலம்மா. அத்தோடு என் பேண்ட்டின் கதி முடிந்தது. பதிலை அசைபோட ஆரம்பித்துவிட்டால் மனிதருக்குக் கை ஓடாது. இவருடைய சட்ட ஞானத்துக்காகக் கசங்கின பேண்ட்டோடு ஆபீசில் போய் அசடு வழிகிறவன் நான்!

அந்த நண்பரும் துணி தேய்க்கிறவராம். அவருக்கும் கண்ணாடி மூக்கில் நிற்காதாம். யார் அந்த நண்பர் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

வேலையில் மன்னன், அதில் சந்தேகமே இல்லை. விரலை நாக்கில் தொட்டுப் பெட்டியின் சூடு பார்ப்பார். காலரை முனையிலிருந்து நடுவுக்குத்தான் தேய்ப்பார். யாராவது பனியனைக் கொண்டுவந்தால், "இதை யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தேய்ப்பது இவர், துவைப்பதும் மடிப்பதும் இவர் மனைவி. அந்தம்மா மடித்த சட்டையைப் பிரிக்கவே மனசு வராது.

கடை நிறைய ஆள் நின்ற ஒரு நாள், இவர் வாய் சும்மா இருக்காமல், "இதெல்லாம் ஒரு மடிப்பா?" என்று கேட்டுத் தொலைத்தார். அந்தம்மா கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தார். "இனிமே நீங்களே மடிச்சுக்கோங்க." கடைக்கும் துவைக்கிற இடத்துக்கும் நடுவே அந்தம்மா அன்றைக்குக் கட்டிய திரை இன்னும் தொங்குகிறது. எங்கள் சட்டைகள் பொட்டலம் பொட்டலமாக வீடு வருகின்றன. வக்கீலம்மா ஸ்கூட்டரில் போகிறவர், இவர் மடித்துக் கொடுக்கிற கோட்டைப் பையில்தான் வைப்பார். கோர்ட்டில் பிரித்தால் முதுகில் குறுக்கே ஒரு கோடு இருக்கிறதாம்.

"சார், சோப்புத்தூள் தீந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று திரைக்கு அந்தப் பக்கம் குரல் வரும். கையெட்டும் தூரத்தில் நிற்கிறவருக்கு நான் சொல்லவேண்டும். "வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க" என்பார். நான் திரும்பிச் சொல்லவேண்டும். பேண்ட் தேய்க்க வந்தவனுக்கு இதெல்லாம் தலையெழுத்தா?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது" என்றேன்.

"தொழில் விஷயத்துல எப்படி சார் விட்டுக்குடுக்கறது?"

நண்பரின் கேள்விகள் மட்டும் ஓயவில்லை. குறட்டைக்காக விவாகரத்து கேட்கலாமா? கடையில் இருப்பது ஒரே மேஜை, பங்கு பிரித்தால் அறுக்கச் சொல்வார்களா? ஆணுக்கு ஜீவனாம்சம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கியது என் காதில் விழுந்தது. எதைக் கேட்டாலும் முடிவில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார். "ஒருத்தர் மட்டும் பிரிய மாட்டேன்னு சொன்னா மேடம்?"

"மத்தவங்க தகுந்த காரணத்தை நிரூபிச்சா விவாகரத்து கிடைச்சிடும்."

முதல் தடவை இந்தப் பதிலைக் கேட்டபோது பெட்டியைத் தூக்க மறந்து யாருடைய கைக்குட்டையையோ பொசுக்கிவிட்டார். பாவம், அந்த மனிதருக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான். அந்தம்மா போய்விடக்கூடாது என்ற பயம், பயத்தைச் சொல்ல வீம்பு விடவில்லை.

இன்று காலை அவர் கோட்டை ஒளிப்பதற்குள் வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "உங்க ஃப்ரெண்டை வேற வக்கீலைப் பாக்கச் சொல்லுங்க. அவர் சம்சாரம் நேத்து என்கிட்ட வந்தாங்க. இனிமே நான் அவங்க வக்கீல்."

திரைக்குப் பின்னால் குழாய் நின்றது. இவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, ஏற்றிவிடத் தோன்றவில்லை. "கேஸு… எப்போ போடறீங்க?"

"அவங்க இன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டா, இன்னிக்கே."

"இதே கோட்டோடவா?"

"என்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்."

கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். மறுபடி மேஜையில் விரித்தார். "கொஞ்சம் இருங்க மேடம். காலர் சரியில்ல." ஈரத் துணி போட்டுக் காலரை முனையிலிருந்து நடுவுக்குத் தேய்த்தார். கோட்டுக் கைகளின் ஓரத்தைத் தேய்த்தார், முதுகில் குறுக்கே இருந்த மடிப்புத் தடத்தை நீவி நீவி எடுத்தார். "அவளுக்காகப் பேசப் போற கோட்டு. கசங்கியா போறது?" எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, பேண்ட் ஞாபகம் போயே போய்விட்டது.

மடிக்கப் பார்த்தார். பிரித்தார். இன்னொரு தரம் மடித்துப் பார்த்து அதையும் பிரித்தார். நான் வழக்கம்போல், "அவங்ககிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தார்.

கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, திரைக்கு நடுவே நீட்டினார். பிறகு கோட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. கைகளை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை.