சலீம் பாய் சொன்ன கொலைகள்

சலீம் பாய் போய்விட்டார்.

காலையில் குரூப்பில் வந்த செய்தியைப் போன் படித்துக் காட்டியபோது நம்பவில்லை. உயிரோடு இருப்பவருக்கே கண்ணீர் அஞ்சலி போட்ட குரூப் அது. அதனால் பாய் நம்பருக்கே அடித்தேன்... மகள் ஷபானா எடுத்தாள். அழுதாள்.

வாய்ஸ் டைப்பிங்கில்தான் இதைப் போடுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... பாய் டப்பிங் ஆர்ட்டிஸ்ட். சீரியலில் அடியாள், கான்ஸ்டபிள், பக்கத்து வீட்டுக்காரர் என்று துண்டு துண்டுக் குரல்கள். கோபாலபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் மாதாமாதம் எங்களைப் போலப் பார்வையில்லாதவர்களுக்குத் திரில்லர் படம் போடுவார்கள். வசனம் இல்லாத இடங்களில் திரையில் என்ன நடக்கிறது என்று இயர்போனில் சொல்வது பாய்தான்.

எனக்கு யார் எதைச் சொன்னாலும் சந்தேகம். பிறவியிலேயே கண் தெரியாது என்பதால் ஊரே எனக்கு நல்லதை மட்டும்தான் சொல்லும். பஸ் காலி என்பார்கள், ஏறினால் நிற்க இடமிருக்காது. சட்டை சூப்பர் என்பார்கள், காலர் கிழிந்திருக்கும்.

இந்த ஆள் மட்டும் முழுசாகச் சொல்லிவிடப் போகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

முதல் படத்திலேயே மாட்டினார்.

முகமூடி போட்ட கொலைகாரன். கடைசி வரை யாரென்று தெரியக்கூடாது. பாய் ரகசியக் குரலில் "கத்தியோடு மாடி ஏறுகிறார்" என்றார்... அவ்வளவுதான். அதுவரை ஹீரோ, வாட்ச்மேன், ஹீரோவின் தம்பி எல்லோருமே "வருகிறான்", "போகிறான்". பாய் மரியாதை கொடுத்து "வருகிறார்" என்று சொன்ன ஒரே ஆள், அந்தப் படத்தில் வரும் வயதான டாக்டர்.

பக்கத்து சீட்டில் பட்டினப்பாக்கம் கன்னியம்மா அக்கா. "ஐய, அந்த டாக்டர்தான்யா! இன்னாத்துக்கு இன்னும் இழுத்துக்கினு கீறீங்க?"

இன்டர்வெல்கூட வரவில்லை. ஹாலே சிரித்தது.

அடுத்த மாதம் பாய் உஷாராகிவிட்டார். எல்லோருக்கும் மரியாதை. பால்காரர் வருகிறார், திருடர் ஓடுகிறார்... நாய்கூட "வாலை ஆட்டிக்கொண்டு வருகிறார்". எனக்கு நாய் மேலேயே டவுட் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு படம். பார்வையில்லாத ஒரு பெண்ணை வில்லன் வீட்டுக்குள் துரத்துகிறான். நாற்காலி விழுகிற சத்தம், அலறல்... இயர்போனில் பாய் குரலைக் காணோம். போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் திரும்பவும் பேசினார்.

படம் முடிந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், எங்களப் பாத்துப் பாவப்பட்டு மறைச்சிட்டீங்களா?"

"இல்ல நைனா. இருமல் வந்துடுச்சு. மைக்க ஆஃப் பண்ணிட்டேன்."

"சும்மா ரீல் வுடாதீங்க பாய்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கேயே நின்று அந்த சீனை முழுசாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முடியை அவன் எப்படிப் பிடித்தான், தலையை எங்கே மோதினான், அவள் கை சுவரில் எதைத் தேடியது... நடுவில் குரல் அடைத்தது. அது இருமலா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

நுரையீரலில் கோளாறு, ரொம்ப நாளாகவே இருந்தது என்று ஷபானா இன்றைக்குத்தான் சொன்னாள். எங்களில் ஒருத்தரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆக, இருமல் பொய்யில்லை. ஆனால் மனுஷன் மறைத்துத்தான் இருக்கிறார்... கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

மத்தியானம் ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். யாரோ என் தோளைத் தொட்டு, "தூங்குற மாதிரியே கீறாரு சார்" என்றார்கள். எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் எனக்கு இதையேதான் சொல்கிறார்கள். நம்பவில்லை.

ஷபானாவைக் கூப்பிட்டேன். "நீ சொல்லும்மா. இருக்கறத அப்படியே சொல்லு."

என் கையைப் பிடித்துப் பக்கத்தில் கூட்டிப்போனாள். அப்புறம் சொன்னாள்.

"வெள்ளத் துணி சுத்தியிருக்கு அங்கிள். மூஞ்சி மட்டும் தெரியுது. ரொம்ப எளைச்சிட்டாரு... கன்னம் உள்ள போயிருக்கு. தாடிய சீவி வுட்ருக்காங்க. வாய் லேசா தொறந்திருக்கு, மூடிப் பாத்தாங்க, மூட மாட்டேங்குது. தூங்குற மாதிரியெல்லாம் இல்ல அங்கிள்."

நம்பினேன்.

போய்ட்டு வாங்க பாய்...